திருநீறு பூசிய மீன்

நில்லுங்க அண்ணாச்சி. போயிராதீங்க. நீங்க பாத்தது நெசந்தான். அந்த மீன்காரம்மா கிட்ட நான் பை வாங்கினதும் நெசம், பைக்குள்ள இருக்கது எறால்ங்கறதும் நெசம். ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. இந்தத் தேவாரப் புத்தகத்தக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. ரெண்டையும் ஒரே ஆளு சொமந்துக்கிட்டு நிக்கது எனக்கே என்னமோ மாதிரி இருக்கு.

திங்கவா? நானா? எங்க பரம்பரையில முட்டை போட்ட கேக்கு தின்னவன்கூட கிடையாது. நெத்தி நெறைய திருநீறப் பூசிக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலையில மீன் மார்க்கெட்டுல நிக்கேன்னா, எம்புட்டு இக்கட்டுல நிக்கேன்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

ஆமா, நீங்களும் இன்னைக்குத் திருமுறை வகுப்புக்குப் போகலியா? கீரை வாங்க வந்தீங்களா. சரிதான். கீரைக்காரி மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம்லா உக்காருவா. பரவால்ல, சுத்தி நடந்து வந்திருப்பீங்க. நடை நல்லதுதான்.

இது மீனுக்கு அண்ணாச்சி. வீட்டுல தொட்டியில வளக்கோம்லா, அந்த மீனுக்கு. முழுசாக் கேட்டுருங்க. பொறவு நம்ம திருமுறை மன்றத்துல போயி என்ன சொல்லணுமோ சொல்லுங்க.

எம் பொண்டாட்டி காலமான பொறவு பாளையங்கோட்ட வீட்ட வித்துட்டு மெட்ராஸுக்கு மக வீட்டோட வந்தேன். அது உங்களுக்குத் தெரியும். வந்த அன்னைக்கு வாசப்படியிலயே நின்னு மாப்பிள்ள கிட்ட ஒரு வார்த்த சொன்னேன். அது தெரியாது. "இந்த வீட்டுக்குள்ள அசைவம் பொழங்கி நான் கண்ணால பாத்தேன்னா, அந்த நிமிசமே பெட்டியத் தூக்கிருவேன்"னு சொன்னேன். மாப்பிள்ள யோசிக்கவே இல்ல. "அதுக்கென்ன மாமா"ன்னாரு. வடிவு, எம் மக, பெட்டிய வாங்கி உள்ள வச்சா. நான் ஒண்ணு சொல்லிட்டா மாத்த மாட்டேன். அது எனக்குப் பொறவியிலயே உள்ள கோளாறு. பெட்டியத் தூக்கி எங்க போறதுன்னு மட்டும் அப்ப யோசிக்கல. பாளையங்கோட்ட வீட்டுல இப்ப வேற ஆளு குடியிருக்கான். மாடியில ரூம் வேற கட்டியிருக்கான்.

மாப்பிள்ள சிதம்பரதாணு தங்கமான மனுசன். நாகர்கோயில்காரரு. அந்தப் பக்கத்து ஆளுகள நல்லா விசாரிக்கணும், மீனையும் காய்கறி சேத்தியில வச்சிருவாகன்னு அப்பவே சிலபேரு சொன்னாக. நான் விசாரிக்காமலா குடுப்பேன்? சர்க்கார்ல உணவுக் கலப்படம் பிடிக்கிற வேலையில இருந்தவன். மொளகாப் பொடியில செங்கப்பொடிய மோந்து பாத்தே சொல்லுவேன். கடைக்காரன்லாம் என் மூக்கப் பாத்துத்தான் பயப்படுவான், கையெழுத்தப் பாத்து இல்ல. நேராப் போயி அவுக அம்மா கிட்டயே கேட்டேன். "எங்க வீட்டுல பூண்டே கொஞ்சமாத்தான் சேப்போம்"னாக. பொறவு என்ன.

ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை நான் வகுப்பு முடிஞ்சு வாரேன், வீடு பூரா சாம்பிராணிப் புகை. எதிர்ல நிக்க ஆளு தெரியாது, அம்புட்டுப் புகை. மத்த நாள்ல ஒரு ஊதுவத்திக்குக்கூடச் சோம்பப்படுவா, ஞாயித்துக்கிழமை மட்டும் அப்படி ஒரு பக்தி எம் மகளுக்கு. பால்கனியில ஒரு மண்சட்டி வச்சிருக்கா, அழகுக்கு. அடியெல்லாம் கரி. கேட்டா அந்தக் காலத்துப் பொருளுன்னு காட்டறதுக்காகக் கரி பூசியே விக்கானாம். என்னல்லாம் வந்திருச்சு பாருங்க. தெருப்பூனை ஒண்ணு உண்டு, அதுவும் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பால்கனிச் சுவத்துல உக்காந்துக்கிடும். புகை வாசனை பிடிச்சுப் போச்சு போல. சைவ வீட்டுப் பழக்கம் பூனைக்குக்கூட ஒட்டிக்கிடுது.

சரி, கதைக்கு வாரேன். மாப்பிள்ளைக்கு ரத்தக்கொதிப்புன்னு டாக்டர் சொல்லி, மனசுக்கு அமைதியா இருக்கும்னு மீன்தொட்டி வாங்கிப் போட்டாரு. நாலடி நீளம். சும்மா குழாத் தண்ணியில நீந்துற மீன் இல்ல, கடல் மீன். உப்புப் பொடி வாங்கிக் கலக்கணும், அந்த உப்பச் சரிபாக்க ஒரு கருவி, அலை அடிக்க ஒரு மோட்டாரு, வெளிச்சத்துக்கு நீல விளக்கு. உள்ள பாறை. பாறை மேல ஆரஞ்சு ஒடம்புல வெள்ளப்பட்டை போட்ட மீன் ரெண்டு. அந்தத் தொட்டி வந்த பொறவு அவருக்கு ரத்தக்கொதிப்பு கூடித்தான் போச்சு. அது வேற.

தீவனப் பாக்கெட்ட வாங்கிப் பாத்தேன். பழைய பழக்கம் விடாதுல்லா, என்னென்ன சேத்திருக்கான்னு பொடி எழுத்தப் படிச்சேன். மீன் தூளு. எறால் தூளு. தூக்கிவாரிப் போட்டுச்சு. "மாப்பிள்ள, மீனுக்கு மீனயே போடுதீங்களே, இது அடுக்குமா?"ன்னு கேட்டேன். "மாமா, இது காஞ்ச பொடி. மருந்து மாதிரி"ன்னாரு. மருந்துன்னு வந்துட்டா நம்ம பெரியவங்களே விலக்கு குடுத்திருக்காங்க. அதனால விட்டேன். ஆனா வேற எதுவும் உள்ள வரக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டேன். நீங்க சிரிக்காதீங்க. காஞ்ச மீனுக்குக் கருவாடுன்னு பேருன்னு எனக்கும் தெரியும்.

பாறையில பாசி பிடிச்சுது அண்ணாச்சி. பச்சப் பசேர்னு தலைமுடி மாதிரி நீள நீளமா வளந்துக்கிட்டே போச்சு. மாப்பிள்ள பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ வச்சு ராத்திரியெல்லாம் தேய்ப்பாரு, காலையில மறுபடி நிக்கும். அப்பத்தான் சொன்னாரு, "மாமா, டேங்னு ஒரு மீன் சாதி இருக்கு. அது பாசியத்தான் திங்கும்"னு.

எனக்குக் காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்துச்சு. "மீன்ல சைவமா?"ன்னு கேட்டேன். "ஆமா மாமா, சைவம்"னாரு. "அப்ப அதத் தேர்ந்தெடுக்கறத எங்கிட்ட விட்டுருங்க. சாப்பாட்டு விசயத்துல ஒருத்தன் சொல்லுறது நெசமா பொய்யான்னு பாக்கறதுதானே என் தொழிலு"ன்னேன். அவரு வடிவப் பாத்தாரு, வடிவு அவரப் பாத்தா. எம்மேல எம்புட்டு நம்பிக்கை இருந்தா ரெண்டு பேரும் ஒரு வார்த்த மறுத்துப் பேசாம இருப்பாக.

கொளத்தூருக்குப் போனோம். ஒரு தெரு பூரா வண்ணமீன் கடை. ஜெயசீலன்னு ஒருத்தரு கடல் மீன் மட்டும் விக்காரு. நான் உக்காந்து ஒவ்வொண்ணா விசாரிச்சேன்.

மாப்பிள்ளைக்கு மஞ்ச டேங் மேல ஆச. கண்ணப் பறிக்கிற மஞ்ச, மங்களகரமாத்தான் இருந்துச்சு. இந்த முடிப்பாசிக்கு இதுதான் சரின்னு ஜெயசீலனும் சொன்னாரு. ஆனா அது பக்கத்துல வந்த மீன வெரட்டி வெரட்டிக் கொத்துச்சு. கோவக்கார மீனு. சைவம்னா கொணத்துலயும் தெரியணும்லா? அடுத்து நீல டேங். அதுக்குத் தொட்டி பத்தாது, நீந்த எடம் இல்லன்னா மனசு ஒடிஞ்சு ஒடம்பு பூரா அம்ம போட்ட மாதிரி புள்ளி விழுமாம். இன்னொண்ணு வளந்தா சாப்பாட்டுத் தட்டு அகலம் வருமாம். அதுவும் சரிப்படாது. எல்லா டேங்குக்கும் வால்கிட்ட ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள்ளு இருக்கு. "பாசி திங்கறவனுக்கு எதுக்குய்யா கத்தி?"ன்னு கேட்டேன். "தற்காப்புக்கு சார்"னாரு.

அப்பத்தான் மூலையில ஒண்ணப் பாத்தேன். பழுப்பு ஒடம்பு. தலையிலருந்து வால் வரைக்கும் மெல்லிசா வெள்ளக் கோடு, வரி வரியா. அண்ணாச்சி, பொய் சொல்லல, கொழச்சுப் பூசின திருநீறு மாதிரியே இருந்துச்சு. கண்ணச் சுத்தி மஞ்ச வளையம், சந்தனம் வச்ச மாதிரி. யாரையும் கொத்தல. பாறையில வாய வச்சு வச்சு எடுத்துக்கிட்டு அது பாட்டுக்கு அது இருந்துச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

"மாமா, இது பாறையில படிஞ்ச மெல்லிசுப் பாசியத்தான் சொரண்டும். நம்ம வீட்டுல இருக்கது முடிப்பாசி. அத இது தொடாது"ன்னாரு மாப்பிள்ள. "வேஷம் பொய் சொல்லாது மாப்பிள்ள"ன்னேன். "இது வேற எதுவும் திங்காதுல்லா?"ன்னு ஜெயசீலன் கிட்ட நேராக் கேட்டேன். அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள மாப்பிள்ள அவரு காதுல என்னமோ சொன்னாரு. நான் வீணா அலையக் கூடாதேன்னு பாசத்துல எதையோ சொல்லியிருப்பாரு. ஜெயசீலன் உடனே நிமிந்து, "சுத்த சைவம் சார்"னாரு. அப்பவே முடிச்சுட்டேன்.

வீட்டுக்குக் கொண்டாந்து தொட்டியில விட்டோம். அடியார்னு பேரு வச்சேன். மொத வாரம் என்ன ஒரு சுறுசுறுப்பு. பாறை, கண்ணாடி, மோட்டாரு எல்லாத்தையும் சொரண்டித் தின்னுச்சு. மெல்லிசுப் பாசி தீந்துச்சு. முடிப்பாசி அப்படியே நிக்கு, அது கிட்டயே போக மாட்டேங்கு. மாப்பிள்ள மறுபடி பிரஷ்ஷ எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

பொறவு அது எளைக்க ஆரம்பிச்சுது. வயிறு உள்ள ஒட்டி, முதுகெல்லாம் கத்தி மாதிரி ஆயிருச்சு. கடல்பாசித் தாளு வாங்கி, துணி காயப்போடுற கிளிப்புல மாட்டித் தொங்கவிட்டேன். அடியார் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாரு. பசலைக்கீரைய வெந்நியில முக்கிக் குடுத்தேன். அகத்திக்கீரை குடுத்தேன். வெள்ளரிக்காயத் தோல் சீவிக் குடுத்தேன். எம் பொண்டாட்டிக்குக்கூட நான் இப்படி ஊட்டிவிட்டது கிடையாது. காலையில காப்பியக் குடிச்சுட்டு தொட்டி முன்னால உக்காந்தேன்னா, படுக்கப் போற வரைக்கும் நகர மாட்டேன்.

ஆனா ஒரு அதிசயம் சொல்லுதேன் கேளுங்க. திங்கக்கிழமை காலையில மட்டும் அது கொஞ்சம் தெம்பா இருக்கும். வயிறு லேசா நெறஞ்சிருக்கும். செவ்வாய் புதன்ல மறுபடி வாடிரும். ரெண்டு மூணு வாரம் கவனிச்சேன், அப்படியேதான். ஞாயித்துக்கிழமை நான் இங்க வகுப்புல உக்காந்து மனசுருகிப் பாடுறது அங்க அதுக்கு எட்டுது போலன்னு நெனச்சுக்கிட்டேன். வடிவு கிட்டச் சொன்னப்ப அவளுக்குப் பொரையேறிருச்சு. "வாரத்துல ஒரு நாளு மட்டும் குடுத்தாப் பத்தாது போலப்பா"ன்னா. "தினமும் வகுப்பு வைக்க மாட்டாகளே வடிவு"ன்னேன்.

போன வியாழக்கிழமை அது பாறையிடுக்குல சாஞ்சு கெடந்துச்சு. ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். "சார், எறாலப் பொடிசா நறுக்கி, ரெண்டு சொட்டு பூண்டுச் சாறு விட்டு தினமும் குடுங்க. எந்திரிச்சுரும்"னாரு.

"ஏன்யா, சுத்த சைவம்னீரே."

"சைவந்தான் சார். கெடச்சா எல்லாம் திங்கும்"னாரு.

இப்படி ஒரு பதில என் சர்வீஸ்ல நான் கேட்டதே கிடையாது. போன வச்சுட்டு வடிவு கிட்டப் போனேன். "ஏட்டி, ஒரு உசுரு போகுது. எறால் குடுத்தாத்தான் பொழைக்குமாம். என்ன செய்ய?"ன்னு கேட்டேன். போனாப் போகுது, வாங்கிக் குடுத்துருவோம்ப்பான்னு அவ வாயால வரும்னு பாத்தேன். அவ சொல்லிட்டா நான் கோவப்படுற மாதிரி ஒரு கோவப்பட்டுட்டு விட்டுருவேன். அவ சொல்லல. "நீங்க ஒரு சொல்லு சொல்லித்தானப்பா இந்த வீட்டுக்கு வந்தீங்க. அந்தச் சொல்ல நாங்க ஒடைக்க மாட்டோம். ஒடைச்சா நீங்க கெளம்பிருவீங்க"ன்னா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. மாப்பிள்ளையும், "ஆமா மாமா, மீன் போனா இன்னொரு மீன் வாங்கிக்கிடலாம்"னாரு. ஒரு மீனு உசுரு போனாலும் போகட்டும், நான் போயிரக் கூடாதுன்னு நிக்காக ரெண்டு பேரும். இப்படி மக்கமாரு யாருக்கு அமையும் சொல்லுங்க.

ஆனா அது என்னப் பாக்குது அண்ணாச்சி. கிட்டப் போனா மஞ்ச வளையத்துக்குள்ள இருந்து என்னையே பாக்குது. நான்தானே அதக் கூட்டியாந்தேன். மஞ்ச மீன வாங்கியிருந்தா அது பாசியத் தின்னுக்கிட்டுச் சௌரியமா இருந்திருக்கும், இது கடையிலயே நல்லா இருந்திருக்கும். திருநீறப் பாத்து ஏமாந்தது நான், பட்டினி கெடக்கது அது.

அதான் இன்னைக்கு வகுப்புக்குப் போறேன்னு புத்தகத்த எடுத்துக்கிட்டுக் கெளம்பி இங்க வந்துட்டேன். அந்தம்மா கிட்டப் போயி நாலு எறால் குடுங்கன்னேன். "நாலு கிலோவா சாமி?"ன்னுது. "நாலே நாலு"ன்னேன். "நாலு எறாவ வச்சு இன்னா பண்ணப் போற? ஜாதகம் பாக்கவா?"ன்னு சத்தமாக் கேட்டுச்சு. சுத்தி நின்னவன்லாம் சிரிச்சான். நான் சிரிக்கல. ஒவ்வொண்ணா எடுத்து தலை ஆடுதா, ஓடு வழுக்குதா, அமோனியா வாடை அடிக்கான்னு பாத்தேன். வேலையில இருந்த காலத்துல எத்தனையோ கூடையக் கொட்டி அழிக்கச் சொல்லியிருக்கேன், வெளங்காமப் போகுமா? "சாமி நம்மாளுதான்டா, எப்டி கரீட்டா பாக்குது பாரு"ன்னுது அந்தம்மா. அந்த நேரம் பாத்து நீங்க வந்து நிக்கீங்க.

இப்பக் கேள்வி என்னன்னா, இத எப்படி உள்ள கொண்டுபோக? அதையும் யோசிச்சு வச்சிருக்கேன். வீட்டுக்குள்ள அசைவம் பொழங்கக் கூடாதுன்னுதானே சொன்னேன். தொட்டிக்குள்ள இருக்கது கடல். கடல் வீட்டுல சேத்தியா? சேத்தி இல்ல. வாசல்லருந்து தொட்டி வரைக்கும் உள்ள எட்டு அடிதான் கொஞ்சம் இடிக்கு. அத வேகமா நடந்துருவேன்.

நீங்க மன்றத்துல இதச் சொல்லிராதீங்க. அவுக கேட்டு எப்படியும் வீட்டுக்கு வந்து சொல்லுவாக. நானே கொண்டுவந்துட்டேன்னு தெரிஞ்சா அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

அண்ணாச்சி. சத்தம் போடாதீங்க. இப்படி இந்த ஐஸ் வண்டிக்குப் பின்னால வாங்க. சீக்கிரம்.

வாரது எங்க மாப்பிள்ள.

திரும்பிப் பாக்காதீங்க. மஞ்சப் பையக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாராரே, அவருதான். நான் வகுப்புல இருக்கேன்னு நெனச்சு வந்திருக்காரு. அந்தம்மா என்ன சொல்லுது பாத்தீங்களா, "வாண்ணா, போன வாரம் மாதிரியே துண்டு போட்டுரவா?"ன்னு கேக்குது.

அட, கூப்பிட்டு என்ன கேக்கச் சொல்லுதீங்க? நான் எறாலுக்குப் பயந்து ஒளியல. அவரு என்னப் பாத்துட்டா நானும் அவரப் பாத்ததா ஆயிரும். பாத்துட்டேன்னா கெளம்பணும். சொன்ன சொல்லு அப்படி. எனக்குப் போக எடம் இல்லங்கறது கூட அப்புறம். எனக்குப் போகப் பிடிக்கல அண்ணாச்சி. எனக்கு அந்த வீட்டுல இருக்கணும். தெரியறது வேற, பாக்கறது வேற. நான் இன்னும் பாக்கல. நீங்களும் எனக்காக முதுகக் காட்டி நில்லுங்க.

என்ன வாங்குதாரு? நான் பாக்க மாட்டேன், நீங்க ஒரு கண்ணால லேசாப் பாத்துச் சொல்லுங்க.

சங்கராவா? சங்கரான்னா செவப்பா இருக்குமே, அதுவா? அதுல முள்ளு ஜாஸ்தியாச்சே. வஞ்சிரத்துல நடு முள்ளு ஒண்ணுதான். இந்த மனுசனுக்கு ஏன் இது தெரிய மாட்டேங்கு? எம் மக எதையும் அவசர அவசரமாத் தின்பா அண்ணாச்சி. சின்னதுலருந்தே அப்படித்தான், தண்ணிகூடக் குடிக்க மாட்டா.

புத்தகத்தக் குடுங்க, நான் வச்சுக்கிடுதேன். ஒரு ஒத்தாச செய்ங்க. உங்கள அவருக்குத் தெரியாது. எப்படியும் நீங்க அந்தப் பக்கந்தானே போகணும். யாரோ மாதிரிப் போயி பக்கத்துல நின்னு, "இன்னைக்கு வஞ்சிரம் நல்லா இருக்கு"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க.